பட்டன் தெரியாத அளவு

அந்தத் தெருவில் அவரை டேப்பு மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது கரண்டு பில்லில் மட்டும் வரும். மற்றபடி கழுத்தில் தொங்கும் மஞ்சள் டேப்புதான் அவருக்குப் பெயர், முகவரி எல்லாமே. குளிக்கும்போது மட்டும் அதைக் கழற்றுவார் என்பது அவர் மனைவி சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

முன்னறை கடை, பின்னறை வீடு. நடுவில் கதவு கிடையாது, ஒரு திரை. முன்னறையில் இரண்டு தையல் மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி, துணி வெட்டுகிற பெரிய மேஜை. ஆண்களுக்கு மட்டும்தான் தைப்பார். கையில் வேலை சுத்தம். கொடுத்த தேதிக்கு முந்தின நாளே துணி தயாராகிவிடும். தையல்காரர்களில் இப்படி ஒருவர் உண்டு என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், போகட்டும்.

அவரிடம் ஒரே ஒரு கோளாறு. வாய். அதிலும் ஊர்க்கதை பேசுகிற வாய் இல்லை. துணியைப் பற்றி மட்டும் பேசுகிற வாய். எதிரே யார் நின்றாலும் தடித்த மூக்குக்கண்ணாடி வழியே அவர் கண் முதலில் காலருக்குப் போகும், அப்புறம் தோள்பட்டைத் தையலுக்கு, அப்புறம் பட்டனுக்கு. முகத்துக்கு வந்து சேர்வதற்குள் வந்தவர் பாதி விஷயத்தைச் சொல்லி முடித்திருப்பார். டாக்டரிடம் போய் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லவேண்டிய இடத்தில், "சார், உங்க கோட்டுல இடது பை அரை இஞ்ச் இறங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு, தம் வலியை மறந்து வீட்டுக்கு வந்தவர் அவர்.

கல்யாணமான புதிதில் மனைவியைத் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்குப் படம் என்றால் உயிர். கதையோடு கதையாகக் கரைந்துபோகிறவள். யாராவது அழுதால் அழுவாள், சிரித்தால் சிரிப்பாள், கதாநாயகன் கிணற்றை எட்டிப் பார்த்தால் இவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்குத் திரையில் ஒரு ஏழை சாகக் கிடந்தான். அரங்கமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. மாஸ்டர் மட்டும், "ஏழை போட்டிருக்கிற சட்டையில இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிக்குது பாரேன்" என்றார். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து திரும்பினார். அடிக்கத்தான் வந்தார். ஆனால் மாஸ்டர் அவருடைய சட்டையைப் பார்த்துவிட்டார். இடைவேளைக்குள் அந்த மனிதர் இரண்டு சட்டையைப் பிரித்துத் தைக்கக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவி அதற்கப்புறம் தியேட்டர் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

பிறகு வீட்டுக்கு ஒரு பழைய டிவி வந்தது. முதுகு புடைத்த, மூட்டை மாதிரியான டிவி. படம் தெரியும் என்று சொல்லமுடியாது, யாரோ நடமாடுகிறார்கள் என்று தெரியும். சிவப்பு அசைந்தால் கதாநாயகி, வெள்ளை அசைந்தால் அவளுடைய அப்பா. அந்த டிவியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் பாயை விரித்து, சுவரில் சாய்ந்துகொண்டு எத்தனையோ படம் பார்த்தார்கள். அந்த வருஷங்களில் மாஸ்டர் படம் பார்க்கும்போது ஒரு வார்த்தை பேசியதில்லை. சமயத்தில் மனைவியோடு சேர்ந்து அழுதும் இருக்கிறார். ஏன் பேசவில்லை என்று அவரும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. நமக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கதையில் இருக்கிறவர்களுக்குத் தெரிய இன்னும் நேரம் பிடிக்கும்.

ஒரு மழைநாளில் அந்த மூட்டை டிவி 'டப்' என்று கண்ணை மூடிவிட்டது.

புது டிவி வாங்கப் போன கதை தனிக் கூத்து. கடைக்காரர் ஒன்றைக் காட்டி முப்பத்திரண்டு இஞ்ச் என்றார். மாஸ்டர் கழுத்திலிருந்து டேப்பை உருவி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை வைத்துப் பார்த்தார்.

"இருபத்தெட்டுதான் வருது. மீதி நாலு இஞ்ச் எங்க?"

"அப்படி அளக்கக்கூடாதுங்க. மூலைக்கு மூலை, குறுக்கா அளக்கணும்."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குறுக்கா அளக்குறதா? அப்படி அளந்து நான் சட்டை தைச்சா, போட்டுக்கிறவன் கதி என்ன? இடது தோள்லேர்ந்து வலது இடுப்புக்கு அளவெடுத்துக்கிட்டு, இந்தாப்பா உனக்கு நெஞ்சு அம்பதுன்னு சொல்லவா?"

கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினார். அன்றிலிருந்து மாஸ்டருக்கு ஒரு கொள்கை உண்டு: டிவிக்காரன் சொல்லும் அளவில் நாலு இஞ்ச் பொய்.

புது டிவியில் படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை, முதல் காட்சி. கதாநாயகி ஓடிவந்து கதாநாயகன் தோளில் சாய்ந்தாள்.

"காஜா பாரு," என்றார் மாஸ்டர். காஜா என்றால் பட்டன் நுழைகிற ஓட்டை. "காஜா ஒரு பக்கம், பட்டன் ஒரு பக்கம். எவன் போட்டான்னு தெரியல."

அவ்வளவுதான். பல வருஷம் அடைத்துவைத்த குழாய் திறந்துகொண்டது. மூன்று நாள் காட்டில் ஓடியவளின் பாவாடை ஓரத்தில் மண் ஒட்டவில்லை என்றார். குண்டு பாய்ந்தது முதுகில், ஓட்டை விழுந்தது பையில் என்றார். பிச்சைக்காரன் சட்டைக் கிழிசல் கத்திரியால் வெட்டிய கிழிசல் என்றார். கோர்ட்டில் நீதிபதி தூக்குத் தண்டனை கொடுக்கிற இடத்தில், அவருடைய அங்கிக்கு உள்தையலே விடவில்லை என்று இவர் தனித் தீர்ப்பு கொடுத்தார். மனைவி பொறுத்துப் பார்த்தாள். காய் நறுக்குகிற சாக்கில் எழுந்து போய்ப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் கழுவி, தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"தங்கச்சி வீட்டுக்குங்க. படம் பார்க்க."

"நம்ம வீட்டுலதான் புது டிவி இருக்கே?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சற்று யோசித்தாள். உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. மனுஷன் பாவம், வேறு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. அவர் முகம் சுண்டிப்போவதை அவளால் பார்க்கமுடியாது. வாய்க்கு வந்த ஒன்றைச் சொன்னாள்.

"அங்க பெருசா இருக்குங்க."

அந்த ஒரு வார்த்தைதான் அந்த வீட்டை ஆட்டிவைத்தது.

தங்கச்சி வீடு எதிர்த் தெருவில். தங்கச்சியின் புருஷன், அதாவது மாஸ்டருக்குச் சகலை, பெயின்டர். அவர் வீட்டில் நாற்பது இஞ்ச் டிவி இருந்தது மாஸ்டருக்குத் தெரியும். சரி, அளவுதானே குறை. அளவு குறைந்தால் என்ன செய்யவேண்டும் என்று தையல்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் ஆர்டர் வந்தது. அது நாற்பத்திமூன்று இஞ்ச் ஆனது. வளர்கிற பிள்ளைக்குத் தைப்பது போல மூன்று இஞ்ச் கூடவே வைத்து வாங்கினார்.

படம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இப்போது பட்டன் மட்டும் இல்லை, பட்டனில் நாலு ஓட்டையும் தெரிந்தன. அந்த ஓட்டைகளில் நூல் பெருக்கல் குறி போலப் போயிருக்கிறதா, இரண்டு கோடாகப் போயிருக்கிறதா என்பதும் தெரிந்தது. மனைவி இடைவேளை வரை இருந்தாள். மறுவாரம் செருப்பை மாட்டினாள்.

"இப்ப என்ன?"

"அங்க இன்னும் பெருசா இருக்குங்க."

மாஸ்டர் மூக்கில் வியர்த்தது. சகலையும் மாற்றிவிட்டானா? சுவருக்கு வெள்ளையடிக்கிறவனுக்கு இவ்வளவு வேகமா? காவல்காரர்கள் சீருடை ஆர்டர் ஒன்று வந்தது, அது ஐம்பத்தைந்து இஞ்ச் ஆனது. அவள் அரை மணி நேரம் இருந்தாள். ஒரு பேண்டு வாத்தியக் குழுவின் தங்கச் சரிகைக் கோட்டுகள் அறுபத்தைந்து இஞ்ச் ஆயின. படத்தின் பெயர் போடுகிற வரைதான் அவள் இருந்தாள்.

அறுபத்தைந்து இஞ்ச் டிவிக்குப் பின்னறைச் சுவர் போதவில்லை. ஜன்னலை மூடித்தான் மாட்டமுடியும் என்றார்கள். மாஸ்டர் அதை முன்னறைக்குக் கொண்டுவந்து, துணி வெட்டுகிற மேஜைமேல் நிறுத்திவிட்டார். அப்புறம் துணி எங்கே வெட்டுவது? தரையில் குப்புறப் படுத்து வெட்டினார். அளவு கொடுக்க வருகிறவர்கள் டிவிக்கு முன்னால் நிற்கவேண்டியதாயிற்று. பின்னால் சண்டைக்காட்சி ஓடும். இவர் ஒருத்தருடைய இடுப்பில் டேப்பைச் சுற்றியபடியே எட்டி எட்டித் திரையைப் பார்ப்பார். அந்த மாதம் தைத்த பேண்ட்டுகளில் இரண்டு, அடியாட்களின் அளவுக்குப் போய்விட்டன. வாடிக்கையாளர்கள் பெல்ட் வாங்கிக்கொண்டார்கள்.

டிவி பெருத்தது. வீடு சிறுத்தது. அவள் வரவில்லை. மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அந்த மாபெரும் வெளிச்சத்துக்கு முன்னால் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, "அந்தக் காலரைப் பாரு" என்பார். சொல்லிவிட்டுப் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பார். பாயில் யாரும் இருக்கமாட்டார்கள். அவருக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை, ஐயா. ஒரு படம். முதலிலிருந்து கடைசிவரை, பக்கத்தில் அவள் இருக்க. அவ்வளவுதான் கேட்டார். அதற்கு வழி இஞ்சில்தான் இருக்கிறது என்று அந்த மனிதர் சத்தியமாக நம்பினார்.

அப்படித் தனியாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கோட்டு விவகாரம் நடந்தது. படத்தில் கதாநாயகனுக்குக் கல்யாணம். கோட்டின் தோள் தொங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. படத்தை நிறுத்தினார். ஸ்டூல் போட்டு ஏறி, திரையிலேயே டேப்பை வைத்து அளவெடுத்தார். அப்போது கதாநாயகனைக் கிட்டத்தில் காட்டிக்கொண்டிருந்தார்கள். தோளுக்குத் தோள் ஐம்பத்துநாலு இஞ்ச் வந்தது. வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் சிரித்துவிட்டு இறங்கியிருப்பார். மாஸ்டருக்கு அளவு என்றால் அளவுதான். டேப்பு சொன்னதை மீறி அவர் வாழ்நாளில் கத்திரி வைத்ததில்லை.

சாயங்காலம் மனைவி திரும்பிவந்தபோது தரை முழுக்க ஒரு கறுப்புக் கோட்டு படுத்திருந்தது. ஒரு குடும்பமே உள்ளே குடியிருக்கலாம்.

"என்னங்க இது?"

"அந்தக் கதாநாயகனுக்கு."

"அவன் என்ன யானையா?"

"நான் என்ன பண்றது? அளவு அப்படித்தான் வந்துச்சு. முதுகை அவன் காட்டவே இல்ல. சரி, முன்னாடி இருக்கிற அளவுதானே பின்னாடியும் இருக்கும்னு ரெண்டு பங்காப் போட்டுட்டேன்."

அவள் திட்டவில்லை. கோட்டைத் தூக்கமுடியாமல் தூக்கி, டிவிமேல் போர்த்தி, கீழிருந்து மேலாகப் பட்டன் மாட்டினாள். கச்சிதமாக இருந்தது. இரண்டு கையும் இரண்டு பக்கம் தொங்க, தலை இல்லாத ஒரு பெரிய மனிதர் மேஜைமேல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மறுநாள் வந்த வாடிக்கையாளர் ஒருவர் அதற்கு வணக்கம் வைத்தார்.

இதற்கு மேலும் பெரிய டிவி இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். எழுபத்தைந்து, எண்பத்தைந்து. ஆனால் இந்தத் தடவை மாஸ்டர் உஷாரானார். குருட்டாம்போக்கில் வாங்கி வாங்கித் தோற்றது போதும். சகலை வீட்டு டிவியை நேரில் போய் அளந்துவிட்டுத்தான் மறுவேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் போய்க் கொஞ்ச நேரம் கழித்து, டேப்பைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

கதவு திறந்துதான் இருந்தது. சகலை வாசல் பக்கம் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தவர், இவரைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றார். மாஸ்டர் விறுவிறு என்று உள்ளே நுழைந்தார். கண் நேராகச் சுவருக்குப் போனது.

சுவரில் டிவி இல்லை. நாலு ஆணி ஓட்டை இருந்தன. டிவி இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது.

கீழே, சாப்பாட்டு மேஜையில், ஒரு தண்ணீர்ச் சொம்பு. சொம்பில் சாய்த்துவைத்த ஒரு போன். அதற்கு முன்னால் அக்காவும் தங்கச்சியும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருந்தார்கள். போனுக்குள் ஒரு விரல் அளவு பெண், ஒரு விரல் அளவு ஆணிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டிவி எங்க?" என்றார் மாஸ்டர். அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"வாங்க மாமா," என்று தங்கச்சி எழுந்தாள். "டிவி உடைஞ்சு ரொம்ப நாளாச்சு. இவரு ஏணியை வச்சிக்கிட்டுத் திரும்பினாரு, அவ்வளவுதான். அக்காதான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

"பெருசா இருக்குன்னு சொன்னியே?" மாஸ்டர் மனைவியைப் பார்த்தார்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். இனிமேல் பொய் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

"இதுல பட்டன் தெரியாதுங்க," என்றாள்.

மடையனுக்கும் ஒரு கட்டத்தில் விளங்கத்தானே செய்யும். முப்பத்திரண்டு, நாற்பத்திமூன்று, ஐம்பத்தைந்து, அறுபத்தைந்து என்று தாம் ஏறிவந்த படியெல்லாம் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று அவருக்கு அந்த இடத்தில் தெரிந்தது. சட்டைக்குள்ளிருந்து டேப்பின் நுனி வெளியே எட்டிப் பார்த்தது. அதை உள்ளே தள்ளிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தார். அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் இத்தனை நாள் தம் மனசு நோகக்கூடாது என்று பொய் சொல்லிக்கொண்டு வெயிலில் நடந்து போய்வந்திருக்கிறாளே என்பதுதான் அவரைக் குத்தியது.

அந்த வாரம் கடையில் அவர் யாருடைய காலரைப் பற்றியும் பேசவில்லை. வந்தவர்கள் பயந்துபோய் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் மாஸ்டர் முன்னறையில் பாயை விரித்தார். டிவி போட்டிருந்த கோட்டின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"வாம்மா. ஒரு படம் பார்க்கலாம். நான் வாயே திறக்கமாட்டேன்."

"உங்களால ஆகாதுங்க."

"ஆகும் பாரு."

குண்டூசி டப்பாவை எடுத்து, ஏழெட்டு ஊசியை உதட்டுக்கு நடுவில் வரிசையாகப் பிடித்துக்கொண்டார். தையல்காரர்கள் அளவு பார்க்கும்போது செய்கிற காரியம்தான். அப்போது பேச்சு வராது. பேசினால் ஊசி வயிற்றுக்குள் போகும். அவள் வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தாள்.

படம் ஆரம்பித்தது. ஒரு லாரி டிரைவர், தொலைந்துபோன மகளைத் தேடி ஊர் ஊராக அலைகிறான். அழுக்குச் சட்டை. சட்டை அழுக்கு, காலர் மட்டும் புத்தம்புதுசு. மாஸ்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. "ம்ம்," என்றார். அவள் திரும்பவில்லை. டிரைவர் அழுதான். "ம்ம்! ம்ம்ம்!" ஊசிகள் உதட்டில் மீசை மாதிரி துடித்தன. விரல் திரையைக் காட்டியது, தம் காலரைத் தொட்டது, மறுபடி திரையைக் காட்டியது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அவள் படத்தை நிறுத்தினாள். அவர் முகத்தைத் திருப்பி, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள்.

"செத்துக்கித்து வைக்காதீங்க."

"என்னால முடியலம்மா," என்றார் அவர். குழந்தை மாதிரி சொன்னார். "வாயை அடக்கிடலாம். கண்ணு பார்த்துடுதே."

அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருப்பாள் போல. கையை நீட்டி அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, தன் மடியில் போட்டுக்கொண்டாள். தடித்த கண்ணாடி அது. தூரத்துப் பார்வை அவருக்குச் சுத்தமாகக் கிடையாது. அறுபத்தைந்து இஞ்ச்சும் ஒரே நொடியில் கலங்கிப்போயின. யாரோ நடமாடுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. பழைய மூட்டை டிவி உயிரோடு திரும்பிவந்த மாதிரி இருந்தது அவருக்கு.

"அந்தப் பழுப்பு யாரு?"

"அதாங்க டிரைவரு."

"பக்கத்துல பச்சை?"

"டீக்கடைக்காரன். மக போட்டோவைக் காட்டிக் கேட்கிறாரு."

"தெரியுமாமா அவனுக்கு?"

"தெரியலங்கிறான்."

"அடப்பாவி," என்றார் மாஸ்டர்.

அவர் கேட்டுக்கொண்டே வந்தார், அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லவேண்டும் என்பதற்காக அவள் இன்னும் கூர்ந்து பார்க்கவேண்டியதாயிற்று. யார் முகம் சுருங்கியது, யார் பொய் சொல்கிறார்கள், யார் கையில் என்ன இருக்கிறது என்று ஒன்று விடாமல் சொன்னாள். அளவு கொடுக்க வந்த ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் போய்விட்டார். அவள் எழுந்து போகவில்லை. காய் நறுக்கவும் போகவில்லை.

கடைசியில் ரயில்வே பிளாட்பாரம். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மகள் நிற்கிறாள் என்று அவள் சொன்னாள். அப்பாவைப் பார்த்துவிட்டாள் என்றாள். அந்தப் பழுப்பு ஓட ஆரம்பித்தது மாஸ்டருக்கே தெரிந்தது. டேப்பின் நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னங்க..." என்றாள் அவள்.

"ம்?"

"அந்த ஆளு ஓடி வராருல்ல? சட்டையில ஒரு பட்டனை மாத்திப் போட்டிருக்காருங்க. மேல ஒரு காஜா சும்மா நிக்குது."

"உஷ்!" என்றார் டேப்பு மாஸ்டர். "பேசாம படத்தைப் பாரும்மா."